பச்சைப் பட்டனும் வேப்பங்குச்சியும்

என் கல்யாணம் ஒரு குச்சியால் நின்றுபோகப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், விரல் நீள வேப்பங்குச்சி.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆரப்பாளையத்தில் டியூஷன் சென்டர் வைத்து பிசிக்ஸ் எடுக்கிறவர். பேசினால் இரண்டு கையும் சேர்ந்து ஆடும். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. பேரையூர்ப் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனம். "போர்டுல எழுதுறத விட்டா அந்தத் தம்பிக்கு வேற என்ன தெரியும்?" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். முன்னால் வந்த மூன்று பேரையும் இப்படி இழுத்து இழுத்தேதான் விரட்டினார். இவரும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம்.

"ரெண்டு பேரும் ஒரு படம் பாத்துட்டு வரட்டுமே, பேசிப் பழகுனாத்தான தெரியும்" என்றார் அம்மா.

"போகட்டும். நானும் வாரேன்" என்றார் அப்பா.

மதுரையில் மேட்னி ஷோ. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் அப்பா. பாப்கார்ன்கூட அப்பா மடியைத் தாண்டித்தான் எனக்கு வந்தது.

தமிழ் பேசும் இங்கிலீஷ் விண்வெளிப் படம், அவருடைய தேர்வு. கப்பல் சூரியனுக்குள் விழப்போகிறது. மற்றவர்கள் சின்னக் கலத்தில் ஏறித் தப்ப வேண்டுமென்றால், கதவைத் திறக்கும் லீவரை யாராவது ஒருவர் உள்ளேயே நின்று அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும். கேப்டன் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் போங்க!" என்றார். வயலின் அழுதது. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது.

அப்பா வரப்பில் நின்று கூப்பிடும் குரலில் கத்தினார். "ஏப்பா! அதுல ஒரு குச்சியச் சொருகிட்டு நீயும் ஓடியாந்துர வேண்டியதுதான?"

"அப்படிப் போடுங்கண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், தியேட்டர் கொல்லென்று சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன். திரும்பினால் அவர் முகத்தில் தாடை வரைக்கும் கண்ணீர். நான் சிரித்ததைப் பார்த்துவிட்டார். போச்சுடா என்று நினைத்தேன்.

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. எங்கள் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டன் அமுக்கினால் உள்ளேயே நிற்காது. கையை எடுத்ததும் மோட்டார் நின்றுவிடும். காய்ந்த வேப்பங்குச்சியைச் சீவி முட்டுக் கொடுத்துவிட்டு அப்பா தண்ணீர் கட்டப் போய்விடுவார். அக்கம்பக்கத்திலும் அதே வைத்தியம்தான். அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால் ஒருவன் லீவரைப் பிடித்துக்கொண்டே செத்தால் அழுகையா வரும்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் விவகாரம் ஓயவில்லை.

"அந்தச் சூட்டுல குச்சி எரிஞ்சு போயிரும் மாமா" என்றார் அவர்.

"அவரு சட்டையே எரியல, குச்சி எரியுமாக்கும்?" என்றார் அப்பா.

"விண்வெளியில குச்சிக்கு எங்க போவாரு?"

"அம்புட்டுப் பெரிய கப்பல்ல ஒரு கரண்டி கெடையாதா?"

அவர் டீயை வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தார். "கதைக்கு ஒருத்தர் நின்னுதான் ஆகணும் மாமா. இல்லேன்னா அவங்க மேல எம்புட்டுப் பிரியம் வச்சிருந்தாருன்னு எப்படித் தெரியும்?"

"வாயால சொல்லிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு அப்பா பஸ் ஏறிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அப்பா தட்டில் சோற்றை டங்கென்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பைக்கில் நேராகத் தோட்டத்துக்கே வந்து இறங்கினார். அப்பா பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். முட்டுக் கொடுத்த குச்சி அப்போதுதான் ஒடிந்திருந்தது. "தம்பி, இதச் செத்த அமுக்கிப் புடிங்க, வேற குச்சி ஒடிச்சுட்டு வாரேன்" என்று போனவர், போனவர்தான்.

ஒரு மணி நேரம் கழித்து நான் மோர் கொண்டு போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கட்டைவிரல் மேல் இன்னொன்றை வைத்துப் பட்டனை அமுக்கியபடி, வியர்வையில் தெப்பலாக நனைந்து நின்றார்.

"ரெண்டு கையும் மரத்துப்போச்சுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. குச்சி ஒடிக்கலாம் என்று வாசலுக்குத் திரும்பப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர் சட்டைப் பைக்கு வெளியே ஒரு வேப்பங்குச்சி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த குச்சி, அழகாகச் சீவியது.

"அடப்பாவி மனுஷா! குச்சி வச்சிருக்கீங்களே!"

"மெதுவாங்க. உங்கப்பாகிட்டத் தோத்துட்டேன்னு சொல்லி இதக் குடுக்கத்தான் வீட்டுலருந்தே கொண்டாந்தேன். வந்ததும் பட்டனக் குடுத்துட்டாரு." சன்னமான குரலில் சொன்னார். "இப்ப இதச் சொருகிட்டா, எனக்கு உங்களக் குடுப்பாரா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த நிமிஷமே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது பருத்திக்கு நடுவிலிருந்து அப்பாவின் குரல். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாகவோ.

"போதும் மாப்ள! பையில இருக்குற குச்சியச் சொருகிட்டுச் சாப்பிட வாங்க!"

தம்பி போய் மாப்ள. அதைக் கேட்டதும் அவர் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். மோட்டார் நின்றுபோனது.