தினம் ஒரு மரப்பெட்டி

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு கிடையாது. துவாரகாவில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த முதல் தீபாவளியிலேயே அதை மாடி முழுக்கத் தெரியப்படுத்திவிட்டேன். தில்லியில் தீபாவளிக்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வீடு சீட்டு நடக்கும். விளையாடாதவர்கள் அடுத்த பிறவியில் கழுதையாகப் பிறப்பார்கள் என்று எதிர் ஃபிளாட் பஞ்சாபி அம்மாள் வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே எச்சரித்து அழைப்பார். சூதாட்டம் எங்கள் வழக்கத்தில் இல்லை என்று நானும் வருஷா வருஷம் கைகூப்புவேன். என் மனைவிக்குப் போக ஆசை என்று எனக்குத் தெரியும். கொள்கை என்று வந்துவிட்டால் வீட்டில் யாராவது ஒருவர் கஷ்டப்படத்தான் வேண்டும். அது நானாக இருக்க வேண்டும் என்று எங்கும் விதியில்லை.

இந்த லட்சணத்தில்தான் என் பெண் புனேக்குப் படிக்கப் போனாள். கிளம்பும் அன்று, டாக்ஸி கீழே வந்து நின்ற பிறகு, "அப்பா, ஃபோன் குடு, ஜல்தி" என்று வாங்கி ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

"இதுல நாம ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ். நான் கிஃப்ட் அனுப்புவேன், நீயும் அனுப்பு. டெய்லி டச்ல இருக்கலாம், ஓகே?"

ஏன் இந்த ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. போனில் எங்கள் பேச்சு ஆரம்பித்த வேகத்திலேயே தீர்ந்துவிடும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், படிக்கிறியா, ஹான் பா. அவளுடைய தமிழும் என்னுடைய கேள்விகளும் ஒரே இடத்தில் முடிந்துபோகும். அதற்கு மேல் இருவரும் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பேன்.

விளையாட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நமக்கு ஒரு தீவு. அதில் கேரட், முள்ளங்கி போட வேண்டும், அறுக்க வேண்டும். அறுத்தால் நட்சத்திரம், நட்சத்திரம் சேர்ந்தால் அடுத்த நிலை. முதல் வாரத்திலேயே எனக்கு அடுத்தடுத்து பதவி உயர்வு. ஒவ்வொன்றுக்கும் வாணவேடிக்கை, எக்காளம், ஒரு முயல் குதித்துக் கைதட்டும். மத்திய அரசுப் பணியில் இத்தனை காலம் இருந்து நான் வாங்கிய பதவி உயர்வுகளுக்கு ஒரு பியூன்கூடக் கைதட்டியதில்லை; டீக்கு மட்டும் ஆள் சேர்ந்தார்கள். ஆனால் கொஞ்சம் மேலே போனதும் தீவில் எல்லாம் மெதுவாகிவிட்டது. நட்சத்திரங்கள் அதிகம் வேண்டும், முள்ளங்கி முளைக்க நாளாகும். அப்போதுதான், இதை உருவாக்கியவர்கள் எங்கள் துறையில் கொஞ்சநாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பிறகு அந்தச் சக்கரம். நாள் தவறாமல் தீவுக்கு வருபவர்கள் அதைச் சுற்றலாம். அதில் ஒரு கட்டத்தில் வெள்ளை யானை இருந்தது. யானை கிடைத்தால் என்ன பிரயோஜனம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சக்கரம் யானையை நெருங்கி, மெதுவாகி, இதோ நிற்கப்போகிறது என்று நெஞ்சை அடைக்கவைத்து, பக்கத்துக் கேரட்டில் போய் நிற்கும். எப்போதும் பக்கத்துக் கேரட்டில்தான். கொஞ்சம் தள்ளி நின்றால்கூட மனுஷன் விட்டுத் தொலைத்திருப்பான். ஒருநாள் தவறினால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்பதால், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் தூணுக்குப் பின்னால் நின்று முள்ளங்கி அறுத்தேன்.

"இது மட்டும் சூதாட்டம் இல்லையாக்கும்?" என்றாள் என் மனைவி.

"இதுல காசு எங்க இருக்கு? கேரட்தானே."

உண்மையைச் சொன்னால் யானைக்காக மட்டும் நான் அங்கே போகவில்லை. தினமும் காலையில், நான் இட்லிக்கு உட்காரும் நேரத்தில், என் பெண்ணின் பெயர் போட்ட முயல் ஒன்று மரப்பெட்டியோடு வந்து நிற்கும். உங்களை நினைத்து அனுப்பியிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். திறந்தால் பெரும்பாலும் கேரட். எனக்கு அது போதும். பரீட்சை நாளில்கூடப் பெட்டி வந்தது. காய்ச்சல் என்று அவள் அம்மாவிடம் போனில் முனகிய அன்றும் வந்தது. படுத்த படுக்கையிலும் அப்பாவை மறக்கவில்லை பார் என்று மெட்ரோவில் கூட வரும் நண்பரிடம் சொன்னேன். அவருடைய மகன் பெங்களூரில் இருக்கிறான், மாதம் ஒருமுறை பேசினால் அதிசயம். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

வந்த தபாலுக்கு அன்றைக்கே பதில் போடுவது என் அலுவலகப் பழக்கம். எனவே நானும் தினம் ஒரு பெட்டி திருப்பி அனுப்பினேன். பெற்ற பெண்ணுக்கு மரப்பெட்டி அனுப்புவது கௌரவக் குறைச்சலாகத் தோன்றியதால் காசு கொடுத்துத் தங்கப்பெட்டி வாங்கினேன். ஒரு மசால் தோசைக்கு ஆகிற செலவுதான். இது என் மனைவிக்குத் தெரியாது.

அலுவலகத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற ஊழியர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து போவது எங்கள் பிரிவிலிருந்துதான். போவது என்றால் நாங்கள் யாரும் அனுப்புவதில்லை. கம்ப்யூட்டர் தேதியைப் பார்த்துத் தானே அனுப்பிவிடும். கீழே என் பெயர் இருக்கும். ஒருமுறை அந்த வாழ்த்து கிடைத்த பெரியவர் ஒருவர் யமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெட்ரோ மாறி மாறி நேரில் வந்துவிட்டார், கையில் ஒரு டப்பா கலாகந்த் இனிப்போடு. நினைவு வைத்திருந்ததற்கு நன்றி சொல்ல வந்தாராம். எனக்கு மீட்டிங். நின்றபடியே டப்பாவை வாங்கிக்கொண்டு, கைகுலுக்கி, லிஃப்ட் வரை அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு பிரிவே சிரித்தது. கலாகந்த் நன்றாக இருந்தது. அப்போது என் பெண் புனேக்குப் போயிருக்கவில்லை; வீட்டில் இதைச் சொன்னபோது அவள் மட்டும் சிரிக்காமல், "பேச்சாரா" என்றாள். பாவம் என்பதற்கு அவளுக்குத் தமிழ் வார்த்தை வரவில்லை.

இந்தத் தீபாவளிக்கு அவள் வந்தாள். நம் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் எதிர் ஃபிளாட்டில் சீட்டு. வழக்கம்போல் அழைப்பு வந்தது, வழக்கம்போல் நான் கைகூப்பினேன். என் பின்னாலிருந்து, "நாங்க வரோம் ஆன்ட்டி" என்றாள் பெண். என் மனைவி அதற்குள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். எப்போது மாற்றினாள் என்றே தெரியவில்லை. கொள்கையைக் காக்க வீட்டில் நான் ஒருவனே மிஞ்சினேன். சோபாவில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினேன். கேரட்.

இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மனைவி கொஞ்சம் தோற்றிருந்தாள். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. உபதேசம் பண்ண வாயெடுத்தேன். அதற்குள் என் பெண் என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டாள்.

"அர்ரே, அப்பா, இன்னுமா இதை விளையாடற?"

"நீ தினமும் பெட்டி அனுப்பறே, நான் விளையாட வேண்டாமா?"

"எந்தப் பெட்டி?"

காட்டினேன். முயல், அவள் பெயர், உங்களை நினைத்து. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நான் இதை ஹாஸ்டல் போன கொஞ்ச நாள்லயே டெலீட் பண்ணிட்டேன். அது தானே அனுப்பும் பா. ஆட்டோமேட்டிக். நீ விட்டுடக் கூடாதுன்னு."

என் மனைவி தண்ணீர் குடிக்க என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

"தெரியும். சும்மா கேட்டேன்" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். நான் வாங்கி அனுப்பிய தங்கப்பெட்டிகளெல்லாம் யாரும் வராத ஒரு தீவில் கிடக்கின்றன என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு வலித்தது. முள்ளங்கி வளர்க்கிற விளையாட்டில் ஒரு மனிதனுக்கு இப்படி வலிக்குமா என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் விடியலில் எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டு மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் காபியோடு உட்கார்ந்தேன். முயல் வந்தது. என் பெண்ணின் பெயரைத் தாங்கிக்கொண்டு, என்னை நினைத்து. என் பெண் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்குக் கலாகந்த் பெரியவர் ஞாபகம் வந்தார். அவர் எங்கள் துறையிலேயே காலம் தள்ளியவர். அந்த வாழ்த்து எப்படிப் புறப்படுகிறது, யார் பெயர் எங்கே ஒட்டப்படுகிறது என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எல்லாம் தெரிந்தும், ஒரு காரணம் கிடைத்தது என்று கிளம்பி வந்திருக்கிறார். நான் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கட்டிலருகே நின்றேன். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்னப்பா?"

"பெட்டி வந்தது. தேங்க்ஸ் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"என்ன வந்துச்சு உள்ள?"

"கேரட்."

அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் நகர்ந்து, நான் உட்காரக் கட்டிலில் இடம் விட்டாள்.