யாரும் ஆடாத கேசட்டுகள்

ஜெயம்மா குவைத்துக்குப் போனது தன் புருஷனின் வீடியோ கேம் கடைக்காக. சித்தூரில் இதை இன்று சொன்னால் சிரிப்பார்கள். வீடு கட்ட குவைத் போனவர்கள் உண்டு, மகளைக் கட்டிக்கொடுக்கப் போனவர்கள் உண்டு. டி.வி. பெட்டிக்குள் பொம்மைகள் ஓடிக் குதிக்கும் கடையைக் காப்பாற்றவா ஒருத்தி கடல் தாண்டுவாள்? அவள் தாண்டினாள்.

அவள் பிறந்தது பாலசமுத்திரம் பக்கம். சொந்த நிலம் கிடையாது. அப்பா அம்மாவோடு அவளும் ஊரார் கரும்புக்கும் வேர்க்கடலைக்கும் கூலி வேலைக்குப் போய் வளர்ந்தவள். மோட்டார் ஓடும் நேரத்தில் மண்வெட்டியோடு மடை திருப்பிவிடுவது அவளுக்குப் பிடித்த வேலை. தாய்மாமன் மகன் கோவர்த்தனன் சித்தூர் சந்தப்பேட்டையில் டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தான். அவனுக்கே கட்டிவைத்தார்கள். முறைப்படி அவனை "மாமா" என்றுதான் கூப்பிடுவாள்.

கலர் டி.வி. வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த காலம் அது. மெட்ராஸ் பர்மா பஜாரிலிருந்து டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகள் வந்து இறங்கின. கோவர்த்தனன் முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வந்து, வாடகைக்கு ஓர் அறை பிடித்து, பழைய டி.வி. இரண்டைச் சரிபண்ணி வைத்துக் கடை திறந்தான். பள்ளிக்கூடப் பையன்கள் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள். இரண்டு பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடிச் சுடும் கேசட்டுக்கு எப்போதும் வரிசை. ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகு எதிர்ச்சாரியிலேயே நாகபூஷணம் என்பவன் ஃபேன், மெத்தை வைத்த நாற்காலி, புதுப்புதுக் கேசட் என்று இன்னொரு கடை திறந்தான். கோவர்த்தனன் கடையில் டி.வி.க்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

திருப்பதி ஏஜெண்ட் ஒருவன் வந்து சேர்ந்தது அப்போதுதான். ஆண்களுக்கு விசா கிடைப்பது கஷ்டம், பெண்களுக்கு வீட்டு வேலை விசா உடனே வரும் என்றான்.

"ஏம் பயம் லேதம்மா. நல்ல குடும்பம். வூட்டு வேலை, புள்ளய பாத்துக்கிறது, அவ்ளோதான்" என்றான்.

"ஹரிதாவுக்கு இப்பதான் அஞ்சு நடக்குது மாமா" என்றாள் ஜெயம்மா, புருஷனைப் பார்த்து.

"ரெண்டு வருஷம்டி. கண்ண மூடி தொறக்கிறதுக்குள்ள ஓடிடும். எங்கக்கா பாத்துக்கும். கடைய நிமித்திட்டா அப்புறம் நீ வூட்ட வுட்டு எங்கியும் போவ வேணாம்" என்றான் கோவர்த்தனன்.

அவன் அக்கா கங்கம்மா புத்தலப்பட்டில் இருந்தாள். பிள்ளை இல்லாதவள். ஹரிதாவை அங்கே விட்டுவிட்டு வரும்போது குழந்தை அழவில்லை. கங்கம்மா கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டு கையாட்டினாள். அதை நினைத்து ஜெயம்மா விமானத்தில் அழுதாள்.

குவைத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த வீட்டில் எஜமானியை "மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அரபியில் அது அம்மா. முதல் வாரம் அந்த வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. விடியும் முன் எழுந்தால் வீடு உறங்கும்வரை வேலை. பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள்.

அந்த வீட்டுப் பெண் நூராவுக்குப் பத்து வயது. அவளிடமும் அதே மாதிரி கேம் பெட்டி இருந்தது. ஒரு மேசை நிறையக் கேசட்டும் இருந்தது. அப்பா வெளியே போய் வரும்போதெல்லாம் ஒன்று வாங்கி வருவார். பிடித்தால் ஆடுவாள். பிடிக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் பிடுங்கி மூலையில் எறிவாள். சுடுவது, குத்துவது, காரோட்டுவது எல்லாம் மேசைமேல் இருக்கும். மூலையில் கிடப்பவை வேறு ஜாதி. ஒன்றில் ஒரு கிழவர் தபால் பையோடு மலை ஏறுவார். ஒன்றில் வெறும் சத்தத்தைக் கேட்டு இருட்டில் வழி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாள் எஜமானி மூலையில் கிடந்தவற்றை அட்டைப்பெட்டியில் போட்டு, குப்பையில் கொட்டச் சொன்னாள்.

ஜெயம்மா பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கற்றுக்கொண்ட நாலு அரபி வார்த்தையில், "மாமா, இது நான் எடுத்துக்கவா?" என்று கேட்டாள்.

எஜமானி திரும்பிக்கூடப் பார்க்காமல், "எடு, எடு" என்று கையை வீசினாள்.

ஊருக்குத் திரும்பிய வெதுருகுப்பத்துப் பெண் ஒருத்தியின் பையில் கேசட்டுகளைக் கொடுத்தனுப்பினாள். வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் இருந்து போன் பண்ணலாம். கோவர்த்தனனின் கடையை ஒட்டி ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அங்கே கூப்பிட்டாள்.

"இன்னாடி அனுப்பிகிற? ஒண்ணாச்சும் சுடுற கேசட் கீதா அதுல? கெழவன் மல ஏறிக்கினே கீறான். பசங்க காறித் துப்புறானுங்க" என்றான்.

ஆனால் அவன் கெட்டிக்காரன். "குவைத் கேசட், சித்தூரில் வேறெங்கும் கிடையாது" என்று தெலுங்கிலும் தமிழிலும் போர்டு எழுதி மாட்டினான். பார்ப்போமே என்று கல்லூரிப் பையன்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். வந்தவர்களில் சிலர் இருட்டில் வழி தேடும் விளையாட்டில் மாட்டிக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். நாகபூஷணம் கடையில் கிடைக்காத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பில் கோவர்த்தனனுக்கு மீசை முறுக்கேறியது. அதற்குப் பிறகு போன் பேச்சு மாறியது.

"இன்னும் கீதா? அடுத்த ஆளு எப்ப வருது?"

"மாமா, ஹரிதா எப்படி கீது?"

"நல்லா கீது. கேசட்டு எத்தினி சேர்ந்துகீது, அத்த சொல்லு."

அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஒரே ஒரு கேசட்டை மட்டும் அவள் அனுப்பவில்லை. நூரா ஆடி ஓய்ந்த பழைய கேம் பெட்டியும் ஒரு சின்ன டி.வி.யும் ஜெயம்மா படுக்கும் சாமான் அறையிலேயே போட்டு வைத்திருந்தார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பின் வெயிலுக்குப் பயந்து வீடு முழுக்கத் தூங்கும். அந்த நேரத்தில், அனுப்புவதற்கு முன் கேசட் ஓடுகிறதா என்று சத்தத்தைக் குறைத்துப் போட்டுப் பார்ப்பாள். அப்படித்தான் அது கிடைத்தது.

அதில் சண்டை கிடையாது. தொப்பி போட்ட குட்டி ஆள் ஒருவன் மண்வெட்டியோடு நிற்பான். மேலே ஓர் ஏரி, கீழே காய்ந்த வயல்கள். அவன் வாய்க்கால் வெட்ட வெட்ட, தண்ணீர் பின்னாலேயே வரும். மேட்டில் வெட்டினால் வராது. பள்ளத்தில் அவசரமாக வெட்டினால் வயலை அடித்துக்கொண்டு போய்விடும். நூரா இதைத்தான் "கழுதை விளையாட்டு" என்று வீசியிருந்தாள். ஜெயம்மாவுக்குத் திரையில் வரும் எழுத்து ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டியிருக்கவில்லை. முதல் வயலில் தண்ணீர் பாய்ந்து, மண் நிறம் கறுத்து, பச்சை முளைத்தபோது அவள் "வந்திடுச்சி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று கதவைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பகல் நேரம் அவளுடையது. ஒவ்வொரு வயலாகக் கீழே இறங்கினாள். பாறை குறுக்கிட்டது, மணல் தண்ணீரைக் குடித்தது, எலி வளை தோண்டிக் கரையை உடைத்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் குளியலறை கழுவும்போதும் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் பிறத்தியான் வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர்தான் எல்லாம். இது அவள் வயல். ரெண்டு வருஷம் என்று வந்தவள் மூன்றாம் வருஷமும் தொடர்ந்ததை அந்தக் குட்டி ஆளால்தான் தாங்கிக்கொண்டாள் என்று பிறகு ஒருமுறை அவளே சொன்னாள்.

அங்கே சித்தூரில் நாகபூஷணம் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கி விளையாட்டின் புதிய பாகம் கொண்டுவந்து இறக்கினான். குவைத் போர்டு போட்ட கடை மறுபடி காலியானது.

"அந்த புது துப்பாக்கி கேசட்டு நீ கீற வூட்டுல கீதில்ல?" என்று போனில் கேட்டான் கோவர்த்தனன்.

"கீது. நூரா தெனிக்கும் ஆடுது. அத்த எப்படி மாமா நான் கேக்கறது?"

"எவன்டி கேக்க சொன்னான்? மேச நெறைய வெச்சிகினு கீறாங்க. ஒண்ணு போனா தெரியப் போவுதா?"

"திருட சொல்றியா?"

"கடைய மூட சொல்றியா?" என்று அவன் போனை வைத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கூப்பிட்டபோது கேட்டது அவன் குரல் இல்லை. "ஹலோ" என்றது ஒரு மெல்லிய குரல். புத்தலப்பட்டிலிருந்து ஹரிதாவைக் கூட்டிவந்து பூத்தில் நிறுத்தியிருந்தான். மாதக்கணக்காகக் கேட்காத குரல். ஜெயம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு... துன்னியா?"

"துன்னேன். அம்மா, அந்த துப்பாக்கி கேசட் அனுப்பும்மா. நைனா சொல்லச் சொல்லிச்சு. அனுப்புனா உன்னோட பேசுவேன்."

பக்கத்தில் கோவர்த்தனன் ஏதோ சொல்லிக்கொடுப்பது கேட்டது. பிறகு போன் கட்டானது.

அந்த வாரமே அவள் எடுத்தாள். நூரா பள்ளிக்கூடம் போயிருந்த காலை நேரம். மேசையைத் துடைக்கும்போது துணிக்குள் சுருட்டி எடுத்தாள். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் ஆள் மூலம் மறுநாளே அது போய்விட்டது.

நூரா தேடி அழுதபோது கேசட் விமானத்தில் இருந்திருக்கும். எஜமானி நேராகச் சாமான் அறைக்கு வந்து ஜெயம்மாவின் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். சேலைகள், ஹரிதாவின் போட்டோ, தைலப் புட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தண்ணீர் கேசட்.

"திருடி! இதோ!" என்று எஜமானி அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"இல்ல மாமா, இது நீங்க குடுத்தது. குப்பையில போடச் சொன்னீங்களே, அதுல இருந்தது" என்று ஜெயம்மா சொல்ல ஆரம்பித்தாள். நூராவே வந்து பார்த்து, "நான் தொலைத்தது இது இல்லை" என்றாள். எஜமானிக்கு அது காதில் ஏறவில்லை. ஒன்று வைத்திருப்பவள் இன்னொன்றையும் எடுத்திருப்பாள், எங்கே அது, சொல் என்று நின்றாள். ஜெயம்மா அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். இதைத் திருடவில்லை என்று சத்தியம் பண்ணலாம். மற்றதைக் கேட்டால்? ஒன்றுக்கு நியாயம் பேச மற்றது விடவில்லை.

எஜமானி அவள் கண்ணெதிரிலேயே கேசட்டைச் சமையலறைக் குப்பையில், மீன் செதிலின் மேல் போட்டாள். அப்போது இரண்டே வயல்கள் பாக்கி இருந்தன.

போலீசுக்குப் போகாமல் விமானத்தில் ஏற்றினார்கள். அதுவே பெரிய கருணை என்று ஏஜெண்ட் ஆள் சொன்னான்.

சித்தூரில் வந்து இறங்கியபோது கடையில் கூட்டம் தெருவரை நின்றது. துப்பாக்கிச் சத்தம் வெளியே கேட்டது. கோவர்த்தனன் அவளைப் பார்த்து முதலில் கேட்டது, "இன்னா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?" என்றுதான். நடந்ததைச் சொன்னாள்.

"ஒளிச்சி வைக்கத் தெரியாம இன்னாத்துக்கு ஆகாத கேசட்ட பெட்டியில வெச்சிகினு இருந்த? அது இல்லன்னா மாட்டி இருப்பியா?" என்று அவன் சத்தம் போட்டான்.

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். புத்தலப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். ஹரிதா கங்கம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். கூப்பிட்டும் வரவில்லை. கங்கம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டாள். கங்கம்மா கூச்சத்தோடு, "நான் சொல்லித் தரல ஜெயா, அதுவா பழகிடுச்சி" என்றாள். பொய் சொல்கிறவள் அல்ல அவள்.

துப்பாக்கிக் கூட்டம் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. நாகபூஷணம் கம்ப்யூட்டர் போட்டான். கோவர்த்தனன் கடையை மூடிவிட்டு, வேறு பெயரில் பாஸ்போர்ட் எடுத்தால் மறுபடி குவைத் போகலாம், ஏஜெண்ட் பார்த்துக்கொள்வான் என்று ஜெயம்மாவிடம் வந்தான். அப்போது அவள் திருப்பதியில், பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு லாட்ஜில் அறை கூட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"இந்த வாட்டி நீ போ மாமா" என்றாள். "நான் இங்க பாத்துக்கறேன்."

"நான் போயி கக்கூஸ் கழுவறதா?"

அவள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போய்விட்டான். அதன் பின் இருவரும் சேர்ந்து இருக்கவில்லை.

ஹரிதா புத்தலப்பட்டிலேயே வளர்ந்து, படித்து, ஹைதராபாத்தில் வேலைக்குப் போனாள். கல்யாண மேடையில் கங்கம்மா காலில் முதலில் விழுந்தாள். யாரோ காதில் சொன்ன பிறகு ஜெயம்மா காலிலும் விழுந்தாள். மலைக்குச் சாமி கும்பிட வரும்போது லாட்ஜில் வந்து பார்ப்பாள். ஒரு முறை புருஷன் கீழே காரில் காத்திருக்க, தனியாக மாடிக்கு வந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? என்னை வுட்டுட்டு ஏன் போன?"

"உங்க நைனா ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லிச்சி. வேணாம்னு எவ்ளோ சொல்லியும் கேக்காம நீதான் அடம் புடிச்சி போனியாம். அங்க திருடி மாட்டிக்கினியாம். அந்த வூட்டுல இன்னாத்த எடுத்த? அத்தயாவது சொல்லு."

ஹரிதாவுக்கு அந்த போன் நினைவில் இல்லை. ஏழு வயதில் ஒரு பூத்துக்குள் நின்று, சொல்லிக்கொடுத்ததைச் சொன்ன குழந்தைக்கு எப்படி இருக்கும்? சொல்லிவிடலாம். சொன்னால் கோவர்த்தனனின் பொய் அந்த நிமிஷமே உடையும். ஆனால் அதற்கப்புறம், அம்மாவைத் திருடியாக்கியது தன் வாய்தான் என்று அந்தப் பெண் நினைக்க ஆரம்பிப்பாள்.

"ஆமா, அடம் புடிச்சிதான் போனேன்" என்றாள் ஜெயம்மா. "எடுத்தது இன்னான்னு ஞாபகம் இல்ல."

ஹரிதா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கார் காத்திருக்கிறது என்று சொல்லிப் படியிறங்கினாள். அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் மலைக்கு வந்துபோவதை ஜெயம்மா மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.