வாய் தொறோ

தங்க வயலில் ஷிஃப்டு முடிந்து எங்களை மேலே தூக்கிவரும் கூண்டான கேஜை விட்டு இறங்கியதும் நான் செய்கிற முதல் காரியம், ஓர் அந்நியன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது. ஊரில் இருக்கிறவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஷாஃப்டு என்கிற சுரங்கக் குழி வாசலில் பஞ்சாபிக் காவல்காரன் ஒருவன் இருக்கிறான். ஆறடிக்கு மேல் உயரம். வேட்டியை உதறச் சொல்வான், குடுமியை அவிழ்க்கச் சொல்வான், கடைசியில் விளக்கைத் தூக்கிப் பிடித்து, நாக்குக்கு அடியிலும் கன்னத்து ஓரத்திலும் தங்கக் கல் எதையாவது ஒதுக்கி வைத்திருக்கிறோமா என்று பார்ப்பான். அவனுக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல். அதிலும் ஒன்றின் வாலைத் தன் பாஷைக்குத் தக்கபடி வளைத்துக்கொண்டான். "வாய் தொறோ" என்பான். திறப்போம். ஒரு நாள் எனக்குக் கடைவாயில் வலி, விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடி என்று கையால் காட்டினேன். சரக்கு அங்கேதான் இருக்கிறது என்று நானே காட்டிக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போக வெகுநேரமாகிவிட்டது.

எங்கள் ஊர் ஆம்பூருக்குப் பக்கம். அங்கே வாயைத் திறந்து பார்ப்பதெல்லாம் மாட்டுக்குத்தான். சந்தையில் எந்த மாட்டின் உதட்டைத் தூக்கினாலும் ரெண்டு பல்லா, நாலு பல்லா, பல் முழுதும் முளைத்துக் கடை சேர்ந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். தப்பியதில்லை. பிள்ளைகள் வாயை யாரும் பார்ப்பதில்லை. முதல் பல் எட்டிப் பார்த்தால் கொழுக்கட்டை செய்து பிள்ளை தலையில் கொட்டுவோம். மேல் பல் முந்திக்கொண்டால் தாய்மாமனுக்கு ஆகாதே என்று பயப்படுவோம். அதோடு சரி. பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறதுதானே என்று அது விழுகிற வரைக்கும் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. விற்கப்போகிற மாட்டுக்கு இருந்த கவனிப்பு பெற்ற பிள்ளைக்கு இல்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மகள் குப்புவுக்கு அப்போது நாலு வயது. என் மனைவி அஞ்சலை ஷாஃப்டுக்கு மேலே கல் பொறுக்குகிற வேலைக்குப் போனாள். குப்புவையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு புங்கமர நிழலில் உட்காரவைப்பாள். அங்கிருந்து பார்த்தால் காவல்காரன் எங்களைச் சோதிப்பது நன்றாகத் தெரியும். பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? நான் வேலை முடிந்து வரும்போது எங்கள் தட்டி வீட்டு வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழியை மறிப்பாள். "நைனா, வாய் தொறோ" என்பாள். நான் குனிந்து திறக்க வேண்டும். உள்ளே விரலை விட்டுத் துழாவி, "ஒண்ணியும் இல்ல, போ" என்று அனுப்பினால்தான் எனக்குச் சோறு. அப்புறம் நான் காவல்காரன், அவள் கூலி. நாளெல்லாம் பாறையைக் குடைந்துவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. பல நாள் அவள் வாய்க்குள் பார்ப்பதுபோல் பாவனை செய்திருக்கிறேன். ஒரு நாள் வாசல் வெயில் நேராக உள்ளே விழுந்தது. அன்றைக்குத்தான் உண்மையில் பார்த்தேன். முன்பல் நாலும் பழுப்பேறி விளிம்பு உதிர்ந்திருந்தன. மேல் கடைவாயில் ஒரு பல் நடுவில் குழிந்து கறுத்திருந்தது.

அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பால் பல்லுதானங்க. விழுந்து நல்லதா மொளைக்கும்" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. விட்டுவிட்டேன். அந்தத் தப்பு எனக்கும் அவளுக்கும் சரிபாதி.

அடுத்த மாதம் குப்புவின் வலது கன்னம் வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. மூன்று நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. சுரங்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே வெள்ளைக்கார டாக்டர் ஒருவர். அவர் இங்கிலீஷைத் தமிழாக்கவும் எங்கள் தமிழை இங்கிலீஷாக்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற, மதராஸ் பக்கத்து டிரெஸ்ஸர் ஒருவர். "புள்ளைக்கு மிட்டாய் குடுப்பியான்னு தொரை கேக்குறாரு" என்றார் டிரெஸ்ஸர். அஞ்சலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க கல்யாணத்துல கூட மிட்டாய் பாத்ததில்லீங்க" என்றாள். துரை அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். உண்மையைத்தான் சொன்னாள். பிள்ளை எழுந்து டிராலித் தண்டவாளத்துப் பக்கம் ஓடிவிடக் கூடாதென்று, காலை முதல் மாலை வரை ஒரு துணியில் வெல்லத்தை முடிந்து அதன் வாயில் வைத்திருந்தாள். ஆனால் துரை கேட்டது மிட்டாயை. வெல்லம் மிட்டாய் என்று எங்கள் சீமையில் எவன் சொல்வான்?

பல்லை இன்றைக்கே பிடுங்க வேண்டும், சீழ் தலைக்கு ஏறினால் பிறகு தன் கையில் இல்லை என்று துரை சொன்னார். அஞ்சலை பிள்ளையை அப்படியே வாரி எடுத்துக்கொண்டாள். "மேல் பல்லுங்க. புடுங்கினா கண்ணு போயிடும். எங்க சித்தப்பாவுக்குப் போச்சு." அவள் சித்தப்பாவுக்குக் கண் மங்கியது, பல் பிடுங்கிப் பதினெட்டு வருஷம் கழித்து. அன்றைக்கு அது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்கும் கண்ணை நினைத்துப் பயம்தான். பால் பல்தானே, தானாக விழாதா என்று டிரெஸ்ஸரிடம் கெஞ்சினேன். அவர் சலித்துக்கொண்டே கேட்டார்: "சுரங்கத்துல மேல் லெவல்ல தண்ணி கட்டினா கீழ் லெவலுக்கு எறங்குமா, எறங்காதாய்யா?"

"எறங்கும்."

"பால் பல்லுக்குப் பின்னாடி அடுத்த பல்லு காத்துக்கினு இருக்குது. இது அழுகினா அதுக்கும் கேடு. நீ கண்ணப் பத்திப் பேசுற. மொதல்ல பொண்ணு வேணுமில்ல?"

சரி என்றேன். அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டாள். குப்பு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். டிரெஸ்ஸர் முயன்றார், ஆயா முயன்றாள், துரையே அவர் பாஷையில் ஏதோ கொஞ்சிப் பார்த்தார். திறக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். அவள் முன்னால் போய் இடுப்பில் கையை வைத்துச் சிரித்தபடி, "குப்பு, வாய் தொறோ" என்றேன். அந்த வீங்கின முகத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நைனா விளையாட வந்துவிட்டார் என்று நினைத்து, பெரிதாக வாயைத் திறந்தாள். துரையின் கொறடு உள்ளே போனது.

பல் வந்துவிட்டது. சீழும் வந்துவிட்டது. மறுநாளே காய்ச்சல் இறங்கியது. நாலாம் நாள் களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்டாள். அஞ்சலை மட்டும் ஒரு மாதம் விடவில்லை. காலையில் எழுந்ததும் பிள்ளையின் இடது கண்ணைப் பொத்திவிட்டு, "அது இன்னா?" என்று தூரத்து ஷாஃப்டு சக்கரத்தைக் காட்டுவாள். சக்கரம் என்பாள் குப்பு. அது சுத்துதா நிக்குதா என்பாள் அஞ்சலை. சுத்துது என்பாள். கடைசியில் ஒரு நாள் அஞ்சலை என்னிடம் சொன்னாள்: "பார்வயெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. உங்களத்தான் பாக்க மாட்டேங்குது."

அதுதான் நடந்தது. வாசலில் வழி மறிப்பது நின்றது. இப்போது வெல்லத்துக்குப் பதில் பொட்டுக்கடலை. சாப்பிட்டதும் பேத்தமங்களாவிலிருந்து குழாயில் வரும் தண்ணீரில் கொப்பளிக்கவைத்து, உப்பு தொட்ட துணியால் பல்லைத் துடைக்கச் சொல்லி டிரெஸ்ஸர் உத்தரவு. அஞ்சலை துடைத்தால் திறப்பாள். நான் பக்கத்தில் போனால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பிழைத்தது போதும் என்று மனசைத் தேற்றிப் பார்க்கிறேன். போதவில்லை.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று எல்லாரும் ஊருக்குப் போனோம். பங்காருபேட்டையில் ரயில் ஏறி, ஆம்பூரில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து என் அக்கா வீட்டு வாசலில் இறங்கினோம். அக்காவுக்குக் குப்பு வயதில் ஒரு மகள், செல்லம்மா. அவள் ஒரு கன்னம் புடைக்க வெல்லத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் எங்களை வரவேற்றாள். அக்கா குப்புவுக்கும் ஒரு கட்டியை நீட்டினாள். வேண்டாம் அக்கா என்றேன். "இன்னாடா, தங்கம் தோண்டப் போனதும் நம்மூட்டு வெல்லம் கசக்குதா?" என்றாள். கூடியிருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பல், சீழ், துரை, கொறடு என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் வேறு ஏதோ தேசத்துக் கதை கேட்கிற முகத்தோடு இருந்தார்கள். பால் பல்லுக்காடா ஆஸ்பத்திரி என்றாள் அக்கா.

வாயால் சொல்லி ஆகப்போவதில்லை, கண்ணால் காட்டிவிடுவோம் என்று செல்லம்மாவின் முன்னால் குந்தினேன். அவள் முன்பல்லிலும் அதே பழுப்பு லேசாகத் தெரிந்தது. இப்போதே பார்த்தால் இவளுக்காவது தப்பும். அன்பாகத்தான் கேட்டேன். பழக்கதோஷம், நாக்கில் வந்தது காவல்காரன் பாஷை. "வாய் தொறோ" என்றேன்.

கும்பலுக்குள்ளிருந்து குப்பு ஓடி வந்தாள். தன் இரண்டு கையாலும் செல்லம்மாவின் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னாள்: "தொறக்காதடீ. சிரிச்சிக்கினே கேப்பாரு. தொறந்தா புடிச்சிக் குடுத்துடுவாரு."