அத்தைக்குக் கொடுத்த கொல்லை

அத்தை மலையிலிருந்து இறங்கி வந்த அன்று தலையில் ஒரு கூடை வைத்திருந்தாள். ஏலக்காய்ப் பொதி சுமந்து வரும் மாடுகளோடு சேர்ந்து, போடிமெட்டுப் பாதையில் நடந்தே வந்திருந்தாள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வருகிறவள் கூடையில் சேலை துணி இருக்கும், பாத்திரம் பண்டம் இருக்கும் என்று நினைத்து அம்மா அதைப் பதனமாக இறக்கி வைத்தாள். திறந்து பார்த்தால் ஈரப்பாசி. பாசிக்குள் சுற்றிவைத்த வேர்கள், கிழங்குகள், பெயர் தெரியாத நாற்றுகள். அடியில் ஒரு மண்கலயம். அதற்குள் ஓடை மீன்குஞ்சுகள், அவ்வளவு தூரம் குலுங்கி வந்தும் உயிரோடு. "சேல எங்கத்தா?" என்று அம்மா கேட்டாள். "கட்டியிருக்கேன்ல மதினி" என்றாள் அத்தை. எங்கள் வீட்டின் நிம்மதி அன்றோடு போயிற்று என்றுதான் இப்போதும் சொல்வேன்.

தவறு அப்பாவுடையது. மலையை விட்டு இறங்கமாட்டேன் என்று அத்தை முரண்டு பிடித்தபோது, போய் அழைத்தவர் அவர்தான். அத்தை கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்குன்னு கொஞ்சம் மண்ணு வேணும்ண்ணே." அப்பா சற்றும் யோசிக்காமல், "கொல்லை பூராவும் ஒனக்குத்தான் தாயி, வா" என்று சொல்லிவிட்டார். மனிதர் வாக்குத் தவறாதவர். அதனால் பின்னால் நாங்கள் பட்ட பாட்டுக்கு அளவே இல்லை. போடியில் எங்கள் வீட்டுக் கொல்லை அந்தத் தெருவிலேயே பெரியது. வைக்கோல் போர் போட, மாடு கட்ட, மிளகாய் காயவைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வந்த மாதமே அத்தை போரைத் தெருப்பக்கம் தள்ளினாள், மாட்டை ஓரம் கட்டினாள், மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள்.

முதலில் ஒரு குளம் வெட்டினாள். குளம் என்பது அவள் வைத்த பெயர். நாங்கள் குழி என்போம். அடியில் களிமண்ணைக் கொட்டிக் காலால் மிதித்து மிதித்து, நீர் இறங்காதபடி செய்தாள். ஒரு பக்கக் கரையை மட்டும் சரிவாக விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "குருவி எறங்கிக் குடிக்க வேணாமா? தவள ஏறி வர வேணாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். தவளை ஏறி வரவேண்டுமா என்று யாராவது எங்களைக் கேட்டார்களா? அடுத்த வருடம் இரண்டாவது குளம், அதற்கடுத்த வருடம் மூன்றாவது. சுற்றிலும் அத்தி, நாவல், கொய்யா, நொச்சி, ஆடாதோடை, செம்பருத்தி, வேலியெல்லாம் கோவைக்கொடி. மலையிலிருந்து கொண்டுவந்த ஏலம் எங்கள் ஊர் வெயிலில் ஒரே கோடையில் கருகிப்போயிற்று. அதற்காக அவள் வருத்தப்படக்கூட இல்லை. மற்றதெல்லாம் காடாக வளர்ந்தது.

காடு வந்தால் காட்டில் இருப்பவை வராமல் இருக்குமா? கீரி வந்து அம்மாவின் கோழிகளைத் தூக்கியது. வௌவால் அத்திப்பழத்தைத் தின்றுவிட்டுக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியின் மேல் கழித்தது. மழை தொடங்கினால் தவளைச் சத்தத்தில் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. விழுந்த இலையைக் கூட்டக்கூடாது, அடியில் பூச்சி இருக்கும். பட்டுப்போன முருங்கையை வெட்டக்கூடாது, பொந்தில் மைனா இருக்கும். கொய்யாவில் உச்சிப்பழம் பறிக்கக்கூடாது, கிளிக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சத்தம் போடாமல், சிரிக்காமல், மண் கிளறிக்கொண்டே சொல்வாள். சண்டைக்கு வந்தாலாவது நமக்கு ஆறும்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. சிலமலையில் நல்ல குடும்பம், நஞ்சை நிலம், மூத்த பையன். பெண் பார்க்க வந்த அன்று வீடு முழுக்கச் சாணம் மெழுகிக் கோலம் போட்டு, அம்மா பணியாரம் சுட்டு அடுக்கினாள். புருஷனை இழந்தவள் எதிரே வரக்கூடாது என்று அத்தையைக் கொல்லைப்பக்கமே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவளும் போய் நாவல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் கை கழுவவேண்டும் என்று எழுந்து, யாரும் தடுப்பதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

அலறல் கேட்டு நாங்கள் ஓடினோம். முதல் குளத்தின் கரையில் அந்த அம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய காலடியில் ஒரு சாரைப்பாம்பு, ஆள் நீளம், அவசரமே இல்லாமல் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அத்தை எழுந்து வந்தாள்.

"பயப்படாதீக. சாரதான். ஒண்ணும் செய்யாது. நம்ம வீட்டுதுதான்."

"நம்ம வீட்டுதா?" அந்த அம்மாளுக்குக் குரல் கீச்சிட்டது. "பாம்ப வளக்குறீகளா?"

"வளக்கல. இருக்கு."

பணியாரம் அப்படியே இருந்தது. வண்டி போய்ச் சிலமலை சேர்வதற்கு முன்பே சேதி போடி முழுக்கப் பரவிவிட்டது. நான் அத்தையோடு பேசுவதை நிறுத்தினேன். அப்பா, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, கொடுத்த வாக்கை மீறுவதென்று முடிவு செய்தார். மறுநாள் காலையில் இரண்டு வண்டி மண்ணும் நாலைந்து ஆட்களும் வந்து சேர்ந்தார்கள்.

அத்தை வாதாடவில்லை. ஆட்கள் மண்வெட்டியை எடுத்ததும் சேலையைச் செருகிக்கொண்டு பெரிய குளத்துக்குள் இறங்கி, இடுப்பளவு நீரில் நடுவே போய் நின்றுகொண்டாள். அல்லித்தண்டு அவளைச் சுற்றி ஆடியது. ஆட்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மேல வா ஆத்தா! ஊரு சிரிக்குது. பொண்ணு வாழ்க்க பாழாப் போகுது. இந்தக் குழியக் கட்டிக்கிட்டு நீ என்னத்தக் கண்ட?" என்று கத்தினார்.

அப்போதும் அவள் குரலை உயர்த்தவில்லை. "வீட்ல ஒரு விசேசம்னா கொல்லையில இருன்றீக. இருக்கேன்ண்ணே. நான் ஒரு சொல்லு சொன்னேனா? கொல்லையயும் மூடிட்டா நான் எங்க போயி இருக்க?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா வெகுநேரம் கரையிலேயே நின்றார். பிறகு ஆட்களிடம், "மண்ணக் கொண்டுபோயி தெருவுல பள்ளத்துல கொட்டுங்கப்பா" என்றார். அவள் கேட்டது நியாயம் என்று எனக்கும் அப்போதே தெரிந்தது. அதனால் என் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. நியாயம் அவள் பக்கம் போனதில் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

அடுத்த வருடம் போடியிலேயே ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் என்னைக் கேட்டு வந்தார்கள். கொல்லையைப் பற்றி ஊரே சொல்லியிருந்ததால் பயப்படுவதற்கு அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. கல்யாணப் பந்தலுக்கு வாழை கட்டவேண்டும். எங்கள் கொல்லையிலேயே குலையோடு வாழைகள் நின்றன. ஆனால் அதன் சுருட்டு இலையில் தையல்சிட்டு கூடு கட்டிவிட்டதாம், வெட்டக்கூடாதாம். வீட்டில் வாழையை வைத்துக்கொண்டு அப்பா சந்தையில் வாழை வாங்கினார். தாலி கட்டும்போது மேளச் சத்தத்துக்கு நடுவே கொல்லைப்பக்கம் பார்த்தேன். பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கில் அத்தையின் ஒரு கண். நான் பார்த்ததும் கதவு சாத்திக்கொண்டது.

புகுந்த வீட்டில் முற்றம் கல் பாவியது. ஒரு புல் முளைக்காது. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கொல்லைக்குப் போய் அத்தையை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் திரும்புவேன். எந்தக் கீரி எந்தக் கோழியைப் பிடித்தது, எந்தக் குளத்தில் பாசி ஏறிக் கிடக்கிறது, எந்த வேலியில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லித் திட்டுவேன். அவள் கேட்டுக்கொண்டே களை பிடுங்குவாள்.

அத்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோது அப்பாவும் அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். அப்பாவைப் பார்த்து, "கொல்லை இவளுக்குண்ணே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எனக்கு வேணாம்த்தே. மொத சோலியா மூணையும் மூடிருவேன்" என்றேன்.

"மத்தவுகளுக்கு அது வெறும் காடு" என்றாள் அவள். "எங்க எது இருக்குன்னு ஒனக்குத்தான் தெரியும். வருசக்கணக்கா வந்து திட்டிருக்கயில்ல."

அதற்கு மேல் பேச அவளால் முடியவில்லை.

பெற்றவர்கள் போன பிறகு நாங்கள் இந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். குளங்கள் மூன்றும் இன்னும் இருக்கின்றன. மூட ஆள் கிடைக்கவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் நம்புவதுபோல் தலையாட்டுகிறார். இன்று காலையில் பார்த்தால், எங்கிருந்தோ ஒரு மரநாய் வந்து ராத்திரியில் பப்பாளியைத் தின்றுவிட்டு, விதையை முற்றமெல்லாம் எச்சமாக இறைத்துவிட்டுப் போயிருக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கூட்டினேன். கூட்டியதை முறத்தில் அள்ளித் தெருவில் கொட்டத்தான் கிளம்பினேன். அவ்வளவு தூரம் யார் நடப்பது? வேலியோரம் கொஞ்சம் மண்ணைத் தள்ளி அங்கேயே கொட்டி மூடினேன். முளைத்தால் முளைத்துத் தொலையட்டும்.