ஜெர்மனிப் பெட்டிக்குள் ரஷ்ய அட்டை

போன செவ்வாய்க்கிழமை தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் போய் வந்தேன். இதையெல்லாம் பயணம் என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் பொருளாதாரத் தடைகளைப் பற்றி டீக்கடையில் ஒரு மணி நேரம் விடாமல் பேசுகிற நான், அதை நேரில் பார்த்ததே இல்லை. கல்லூரி நண்பன் பஷீர் அங்கே டிராக்டரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் செய்யும் சிறிய தொழிற்சாலை வைத்திருக்கிறான். "ரெண்டரைக்கு ஜெர்மனி மேடத்தோட வீடியோ கால் மச்சான். சும்மா கூட வந்து உக்காரு, தைரியமா இருக்கும்" என்று கூப்பிட்டான்.

காலை 9.40 மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். வண்டலூரில் உட்கார இடம் கிடைத்தது. 10.10க்கு இறங்கி, மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ எண்பது ரூபாய். "இன்னா சார், இன்டர்வியூவா?" என்றார் ஓட்டுநர். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பெருமையாக ஆமாம் என்றேன்.

தொழிற்சாலையில் இருபத்திரண்டு பேர். எட்டுப் பேர் ஜெர்மனி ஆர்டரில். அது பன்னிரண்டு வருடத்துப் பழக்கம். ரஷ்யா மீது தடைகள் வந்தபின் ஐரோப்பிய சரக்கு கிடைக்காத ரஷ்யக் கம்பெனி ஒன்று பஷீரைத் தேடி வந்தது. மீதிப் பதினாலு பேர் அந்த ஆர்டரில். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்காமல் நன்றாகத்தான் ஓடியது, ஒரு அட்டைத் துண்டு காட்டிக்கொடுக்கும் வரை.

பேக்கிங்கில் இருக்கும் செல்வி அக்கா எதையும் வீணாக்க மாட்டார். மிச்சமான ரஷ்யப் பெட்டிகளைக் கிழித்து, ஜெர்மனிப் பெட்டிக்குள் அடுக்குக்கு நடுவே தடுப்பாக வைத்திருக்கிறார். ஜெர்மனியில் பிரித்தவர்கள் ரஷ்ய எழுத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"நல்ல அட்டைய தூக்கிப் போட மனசு வரல சார். அது இன்னா எழுத்துன்னு நான் கண்டனா?" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

ரஷ்யாவுக்கு இனி விற்க மாட்டேன் என்று பஷீர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஜெர்மனி ஆர்டர் நின்றுவிடும். "போட்டா பதினாலு பேர் வூட்டுக்குப் போவணும். போடலன்னா எட்டுப் பேர். நாளைக்கே இவங்கல்லாம் சமாதானமாயிட்டா ரஷ்யாக்காரன் பழைய ஆளுகிட்டயே போயிடுவான். அப்ப நான் நடுத்தெருவுல" என்றான். டீக்கடையில் நான் பேசியதையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது.

அழைப்பு பதினோரு நிமிடம்தான். அட்டை எங்களுடையதுதான், கையெழுத்துப் போட முடியாது என்று பஷீர் ஆங்கிலத்தில் சொன்னான். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "அந்த ரஷ்ய ஆர்டர் முன்பு எங்களுடையது. அது போனபோது எங்கள் ஊரிலும் ஆட்களை வேலையை விட்டு அனுப்பினோம்" என்றார். இப்போது கட்டுகிற சரக்கோடு ஆர்டர் நிற்கும் என்று சொல்லி அழைப்பை முடித்தார்.

யாராவது இப்படி ஒரு தொழிற்பேட்டைக்குப் போவதென்றால், தெரிந்தவரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள், பிறகு மெஸ்ஸில் ரசம்தான் மிஞ்சும். நாடுகள் கூட்டணி மாறுவதைப் பற்றி எடுத்துச் சொல்லும் ஆசை இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். செல்வி அக்கா கடைசி ஜெர்மனிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அழைப்பில் என்ன முடிவானது என்று அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. அடுக்குக்கு அடுக்கு புத்தம்புது வெள்ளை அட்டை வைத்திருந்தார்.

"இப்ப கரெக்டா கீதா சார்? இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று பஷீரிடம் கேட்டார்.

"கரெக்டா இருக்குக்கா" என்றான் அவன்.