கூரை இருந்த கோயில்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் பழகியிருந்தது, வெளிநாடுதான் பழகவில்லை. பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. மதிய இடைவேளையில் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்து, மகள் கொடுத்த பழைய மடிக்கணினியில் கிரேக்கக் கோயில்களைச் சுற்றிப் பார்ப்பார். இடிந்துபோனவற்றை அறிஞர்கள் கணினியில் முழுசாக எழுப்பி வைத்திருந்தார்கள். விரலால் தள்ளினால் தூண்களுக்கு நடுவே நடக்கலாம். ஏதென்ஸ் குன்றின் மேலிருக்கும் பார்த்தினான் கோயிலில் அவருக்குத் தெரியாத மூலை இல்லை.

மகளுக்குச் சம்பந்தம் பேசிய அன்றுதான் வம்பு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நாடு நாடாகச் சுற்றுபவர். போன இடங்களையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க எங்கெல்லாம் போயிருக்கீங்க?" என்றார்.

"ஏதென்ஸ்" என்று இவர் வாய் சொல்லிவிட்டது. மகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்குத் தனி மரியாதை. கூரையின் அழகு, சிவப்பும் நீலமும் பூசிய சிற்பங்கள், உள்ளே நிற்கும் பொன் சிலை என்று போகும்போதெல்லாம் அளந்தார். திரையில் பார்த்துப் பார்த்து, இன்றைக்கு இருப்பது எது, இல்லாதது எது என்ற கோடே அவர் மனத்தில் அழிந்துபோயிருந்தது.

அதைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்து, சம்பந்தியம்மா நேரிலேயே போய்விட்டு வந்தார். வந்த கையோடு இவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

"உங்க மேல எனக்குக் கோவம் சம்பந்தி. என் முட்டியப் பாத்துட்டு லிஃப்ட்ல ஏத்திவிட்டாங்க. அந்தக் குன்றுக்கு லிஃப்ட் இருக்குன்னு லிஃப்ட் மெக்கானிக் நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே!"

"அது... நான் போனப்ப ஒரே கூட்டம்..."

"சரி, போகட்டும். மேல போனா கூரையக் காணோம், வானம்தான் தெரியுது. சிலை எங்கன்னு கைடைக் கேட்டா, அது போயி ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு சிரிக்கிறான். அதுக்கு முன்னாடியா போனீங்க நீங்க?"

மாப்பிள்ளை குடித்த தண்ணீரைத் துப்பாமலிருக்கப் பாடுபட்டார்.

"அப்பா சொன்னது அங்க இருக்கிற மாடல் கோயில், அத்தை" என்றாள் மகள். "பழசு மாதிரியே செஞ்சு வச்சிருக்காங்க. அப்பா எங்கிட்ட போட்டோகூட காட்டினார்."

அவள் பொய் சொல்லி அவர் கேட்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் தனக்காக அவள் அப்படிப் பேசுவதை அவரால் தாங்க முடியவில்லை.

"இல்ல சம்பந்தியம்மா. நான் போகவே இல்ல. எல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்தது."

சிரிப்பார்கள் என்று குனிந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை, மருமகளைப் பார்த்தார்.

"அப்போ அந்த போட்டோ?" என்றார் மெதுவாக.

மகளின் காதுமடல் சிவந்தது. தன் பொய்யை இறக்கி வைக்கப் போய், அதை அவள் தலையில் ஏற்றிவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவ எனக்காகச் சொன்னாம்மா..."

"தெரியுது சம்பந்தி. சாப்பிடுங்க."

பாதிச் சாப்பாட்டிலேயே அவர் எழுந்து கை கழுவினார். வழியனுப்ப வாசல்வரை மகள் வந்தாள்.

"மன்னிச்சிடும்மா."

"நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்கப்பா. நான் உள்ள போகணும்."

கதவு மூடும்வரை, செருப்பு மாட்டுகிற சாக்கில் அவர் குனிந்தே இருந்தார்.