மாங்கன்றுக்கு விட்ட தண்ணீர்

பழைய வான் வண்டி ஒன்றில் வீடு வீடாகப் போய் காபெட் கழுவுவது என் தொழில். தொடக்கத்தில் நல்ல தண்ணீருக்குப் பெரிய தொட்டியும் அழுக்குத் தண்ணீருக்குச் சின்னத் தொட்டியும் வண்டியில் பொருத்தியிருந்தேன். வேலை முடியுமுன்பே சின்னது நிரம்பிவிடும். கிணற்றடித் தண்ணீரை வாழைக்கு விட்டுப் பழகிய ஊர் எங்களுடையது. அதனால் அந்தந்த வீட்டு வளவில் நிற்கும் மரங்களுக்கே திறந்துவிடுவேன்.

உரும்பிராயில் ஓர் அம்மா, "ஏன் தம்பி வீணாக்குவான்? உந்த மாங்கன்றுக்கு விடுங்கோ" என்றார். விட்டேன். அதில் கலந்திருந்த, காபெட் கழுவும் மருந்தை இருவருமே நினைக்கவில்லை.

சில மாதங்களின் பின் மீண்டும் அழைத்தார். கன்று கருகி நின்றது.

"பட்டுப்போச்சோ அம்மா?"

"ஓம். என்ரை மகன் வருத்தம் வந்து படுக்கையிலை விழ முதல் நட்டது. இப்ப அவனும் இல்லை."

"நான் விட்ட தண்ணிதான்..." என்று தொடங்கினேன்.

"நான்தானே தம்பி விடச் சொன்னனான்" என்றார்.

இப்போது இரண்டு தொட்டிகளும் ஒரே அளவு. அழுக்குத் தண்ணீரை ஒரு வளவிலும் திறப்பதில்லை, வானிலேயே கொண்டுபோய்விடுகிறேன். மரத்துக்கு விடச் சொல்பவர்களிடம் அந்த மாங்கன்றைப் பற்றிச் சொல்வேன். விடச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.